தொலைதூர விமானப் பயணம்: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடுங்கள்

சிங்கப்பூரில் அதிகாலை 2.25க்குப் புறப்பாடு. நியூயார்க்கில் அதே நாள் காலை 7.30க்குத் தரையிறக்கம். 2020 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு எஸ்க்யூ 24 விமானத்தை இயக்கத் தொடங்கியபோது அறிவித்த நேரம் இது. டிக்கெட்டை மட்டும் பார்ப்பவருக்கு ஐந்து மணி நேரப் பயணம் போலத் தோன்றும். உண்மையில் அது 18 மணி 5 நிமிடம். திரும்பும் விமானமோ இரவு 10.30க்கு நியூயார்க்கிலிருந்து கிளம்பி, நாட்காட்டியில் இரண்டு நாள் தள்ளி, காலை 6.10க்குச் சிங்கப்பூர் வந்து சேரும். அப்படியே கழித்துப் பார்த்தால் 31 மணி 40 நிமிடம் வருகிறது. சரியான விடை 18 மணி 40 நிமிடம்.

இந்தக் கணக்கைப் போடத் தெரியாமல் விமானம் ஏறினாலும் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு அடுத்த ஊசி எப்போது, இடையில் மாற வேண்டிய விமானத்துக்கு எவ்வளவு அவகாசம், அழைத்துப்போக வருபவர் எந்தத் தேதியில் வாசலில் நிற்க வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இதில்தான் இருக்கிறது. அதனால் சிங்கப்பூர்–நியூயார்க் தடத்தையே எடுத்துக்கொண்டு இந்த அத்தியாயம் படிப்படியாகப் போகிறது. உலகின் மிக நீண்ட இடைநில்லா விமானத் தடம் அது. அதைக் கணக்கிடப் பழகியவருக்கு வேறெந்தத் தடமும் சிரமமாக இருக்காது.

தேவையானவை: ஒரு உலக உருண்டை, நூல், அளவுகோல், சைன் காஸ் பொத்தான்கள் உள்ள கால்குலேட்டர் (செல்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலான கால்குலேட்டர்களில் அவை தெரியும்), ஒரு தாள்.

முதல் வேலை: தூரம்

சுவரில் தொங்கும் உலகப்படத்தில் அளவுகோலை வைத்து அளக்காதீர்கள். எல்லோரும் முதலில் செய்யும் தவறு இதுதான். உருண்டையைத் தட்டையாக்கும்போது துருவப் பகுதிகள் அகலமாக இழுபட்டுவிடுகின்றன. அந்தப் படத்தில் நேராகத் தெரியும் கோடு பூமியில் குறுக்கு வழி அல்ல.

நூல் முறை எளியது. பள்ளிக் குழந்தைகளும் செய்யலாம்.

1. உருண்டையின் மீது ஒரு ஊரில் நூலின் முனையை அழுத்திப் பிடியுங்கள்.
2. மறுமுனையை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய், தொய்வில்லாமல் இழுங்கள். நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் போய் அமரும்.
3. நூலை எடுத்து அளவுகோலில் வைத்து அளந்துகொள்ளுங்கள்.
4. உருண்டையின் நடுப்பகுதியைச் சுற்றி இன்னொரு நூலை வைத்து அளவெடுங்கள். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அதை இந்த நூலின் நீளத்தால் வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும்.

30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ 425 கி.மீ. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நூல் 36 செ.மீ. வரும். பெருக்கினால் 15,300 கி.மீ. நூல் போகும் வழியையும் கவனியுங்கள்: சீனா, மங்கோலியா, சைபீரியா எனச் செங்குத்தாக வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டிச் சென்று, கனடா வழியாக இறங்குகிறது. பசிபிக்கோ அட்லாண்டிக்கோ குறுக்கே வருவதில்லை.

துல்லியம் வேண்டுமானால் கால்குலேட்டரை எடுங்கள்.

1. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசம எண்ணில் எழுதுங்கள். சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99. கென்னடி: வடக்கு 40.64, மேற்கு 73.78.
2. தீர்க்கரேகை இடைவெளியைக் காணுங்கள். ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்றால் கூட்ட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் என்றால் கழிக்க வேண்டும். விடை 180ஐத் தாண்டினால் 360லிருந்து கழித்துக்கொள்ளுங்கள். இங்கே 177.77.
3. இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.0155.
4. இரு அட்சரேகைகளின் காஸ் மதிப்புகளையும், தீர்க்கரேகை இடைவெளியின் காஸ் மதிப்பையும் சேர்த்துப் பெருக்குங்கள்: கழித்தல் 0.7580.
5. இரண்டையும் கூட்டுங்கள்: கழித்தல் 0.7425.
6. தலைகீழ் காஸ் பொத்தானை அழுத்துங்கள்: சுமார் 137.95 பாகை.
7. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்குங்கள்: 15,340 கி.மீ.

விமானத் துறையில் இந்தத் தடத்துக்குச் சொல்லப்படும் தூரம் ஏறத்தாழ 15,350 கி.மீ. பூமி முழு உருண்டை இல்லை, துருவங்களில் சற்றே அழுந்தியது என்பதால் இந்தச் சிறு வித்தியாசம். பயணத் திட்டத்துக்கு அது பொருட்டல்ல.

*கவனிக்க:* கால்குலேட்டர் பாகையில் இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிடுங்கள். சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும். வேறு எண் வந்தால் அது ரேடியனில் இருக்கிறது. மேலே போடும் கணக்கெல்லாம் வீண். பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள ஊர்களின் அட்சரேகைக்குக் கழித்தல் குறி இட மறப்பது அடுத்த தவறு. பழகிப் பார்க்க ஒரு தடம்: பெர்த் (தெற்கு 31.94, கிழக்கு 115.97) முதல் லண்டன் ஹீத்ரோ (வடக்கு 51.47, மேற்கு 0.46) வரை. 14,500 கி.மீ.யை ஒட்டி விடை வந்தால் சரி. 2018 மார்ச்சில் குவாண்டாஸ் விமான நிறுவனம் இந்தத் தடத்தில் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது.

மைலும் குழப்பும். சாலை மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. விமானத் துறை புழங்குவது கடல் மைல். எங்கேனும் ஒரு எண்ணைப் பார்த்து எழுதும்போது அது எந்த மைல் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இணைப்பு ஊர் எது?

இடையில் விமானம் மாறுபவர்கள் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். சென்னையிலிருந்து நியூயார்க் செல்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். நேர் தூரம் சுமார் 13,480 கி.மீ. லண்டன் வழியாகப் போனால் 8,230ம் 5,540ம் சேர்ந்து 13,770 கி.மீ.; சுற்று 300 கி.மீ. கூட இல்லை. சிங்கப்பூர் வழியாகப் போனால் முதலில் கிழக்கே 2,900 கி.மீ. சென்று, அங்கிருந்து 15,340 கி.மீ. பறக்க வேண்டும். மொத்தம் 18,240. ஏறத்தாழ 4,800 கி.மீ. கூடுதல், கிட்டத்தட்ட ஆறு மணி நேரப் பறப்பு. கட்டணம் குறைவு என்பதற்காகவோ, ஒரே ஒரு முறை மட்டும் மாறினால் போதும் என்பதற்காகவோ அந்த வழியைத் தேர்வு செய்யலாம். ஆனால் கூடுதல் தூரத்தைத் தெரிந்துகொண்டு தேர்வு செய்வதே நல்லது.

இரண்டாம் வேலை: பறக்கும் நேரம்

பெரிய பயணிகள் விமானம் மேலே சீராகப் பறக்கும்போது மணிக்கு 900 கி.மீ.யை ஒட்டிச் செல்லும். ஆனால் 900ஆல் வகுக்க வேண்டாம். ஏறவும் இறங்கவும் மெதுவாகப் போகும். வழியும் அங்கங்கே வளையும். நெடுந்தூரத் தடங்களுக்கு இந்தத் தோராயம் நன்றாகப் பொருந்துகிறது:

1. தூரத்தை 870ஆல் வகுங்கள்.
2. ஓடுதளத்தில் ஊர்ந்து செல்வதற்கு அரை மணி நேரம் கூட்டுங்கள்.
3. காற்றுக்காக இருபுறமும் ஒரு மணி நேர இடம் விட்டுவையுங்கள்.

15,340ஐ 870ஆல் வகுத்தால் 17 மணி 38 நிமிடம். அரை மணி கூட்டினால் 18 மணி 8 நிமிடம். விமான நிறுவனம் அறிவித்ததோ 18 மணி 5 நிமிடம். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் விமானம் நிற்குமிடத்திலிருந்து நகர்வது முதல் மறுபடி நிற்குமிடத்தில் நிற்பது வரையிலானது. சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் அல்ல.

மூன்றாவது படியை யாரும் தவிர்க்கக் கூடாது. வானில் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது. பெரிய விமானங்கள் பறப்பதும் அந்த உயரத்தில்தான். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குச் சாதாரணமாக ஆறரை, ஏழு மணி நேரமாகும். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று அதே தூரத்தை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. தரையை வைத்துப் பார்த்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல். காற்று பின்னாலிருந்து தள்ளியதே காரணம். எதிர்த்திசையில் வந்த விமானங்கள் அதே காற்றை எதிர்த்துப் பறந்தன.

காற்றைக் கணக்கில் எடுத்தால் நீண்ட வழியே சீக்கிரம் போகும் வழியாகவும் ஆகலாம். ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் முதலில் அட்லாண்டிக்கைத் தாண்டிச் சென்றது. சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழியாக 15,300 கி.மீ. பறந்து பார்த்தார்கள். 1,400 கி.மீ. கூடுதலாகப் பறந்தும் பதினான்கரை மணி நேரத்தில் சேர்ந்துவிட்டது. பழைய வழியைவிடச் சுமார் இரண்டு மணி நேரம் மிச்சம். சிங்கப்பூர்–நியூயார்க் விமானமும் துருவத்தை ஒட்டிய நூல்வழியை விட்டுவிட்டுப் பெரும்பாலும் பசிபிக் பக்கமாகவே போகிறது.

வான்வெளி மூடப்படுவது இன்னொரு காரணம். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யாவின் மேலாகப் பறந்தபோது ஒன்பது, ஒன்பதரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும் அதே பயணம் 13 மணி நேரத்தை எட்டியது. ஊர்கள் இருக்கும் இடத்தில்தான் இருக்கின்றன; நூல் அளவும் மாறவில்லை. ஆகவே, உங்கள் கணக்குக்கும் டிக்கெட்டில் உள்ள நேரத்துக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உங்கள் கணக்கு தவறு என்று உடனே முடிவுகட்டாதீர்கள். வழியில் எந்த நாட்டு வானம் மூடியிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாம் வேலை: இரண்டு கடிகாரங்கள்

அதிகமானோர் தடுமாறும் இடம் இது. விதி ஒன்றே: இரு ஊர் நேரங்களையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றாமல் கழிக்காதீர்கள்.

1. புறப்படும் நேரத்தைத் தேதியோடு எழுதுங்கள். சிங்கப்பூர், ஞாயிறு 2.25.
2. அந்த ஊர் கிரீன்விச்சுக்கு முன்னே இருந்தால் கழியுங்கள். சிங்கப்பூர் 8 மணி முன்னே. ஆகவே சனி 18.25.
3. சேரும் நேரத்தைத் தேதியோடு எழுதுங்கள். நியூயார்க், ஞாயிறு 7.30.
4. அந்த ஊர் பின்னே இருந்தால் கூட்டுங்கள். குளிர்காலத்தில் நியூயார்க் 5 மணி பின்னே. ஆகவே ஞாயிறு 12.30.
5. இப்போது கழியுங்கள். சனி 18.25 முதல் ஞாயிறு 12.30 வரை 18 மணி 5 நிமிடம்.

திரும்பும் பயணத்தையும் இதே முறையில் போட்டுப் பாருங்கள். 18 மணி 40 நிமிடம் வர வேண்டும்.

*பருவ நேரம்:* சிங்கப்பூரும் இந்தியாவும் ஆண்டு முழுவதும் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி வைக்கிறார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அதற்கான நாட்கள். ஆகவே மார்ச்சில் இரண்டு மூன்று வாரங்களும் அக்டோபர் இறுதியில் ஒரு வாரமும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வழக்கமான ஐந்து மணி வித்தியாசம் நான்காகிவிடும். அந்த வாரங்களில் பயணம் செய்பவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

*நள்ளிரவுப் பொறி:* ஞாயிறு அதிகாலை 2.25 விமானத்துக்குச் சனிக்கிழமை இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஞாயிறு இரவு பெட்டியோடு வந்து நின்று விமானத்தைக் கோட்டைவிட்டவர்கள் எத்தனையோ பேர். டிக்கெட் கையில் வந்ததுமே "சனி இரவு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்" என்று நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.

நான்காம் வேலை: வாசலிலிருந்து வாசல் வரை

விமானத்தில் 18 மணி நேரம் என்றால் பயணம் 18 மணி நேரத்தில் முடிந்துவிடாது. பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். இறங்கியபின் குடிவரவு வரிசை, பெட்டி, சாலை எல்லாம் உண்டு. மொத்தக் கணக்கில் இரு பக்கமும் சேர்த்து ஐந்தாறு மணி நேரம் கூட்டிக்கொள்வது நியாயமானது. இணைப்பு விமானம் இருந்தால் இவற்றையும் பாருங்கள்:

1. இரண்டு பகுதிகளும் ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா? ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்றால் நட்டம் உங்களுடையது. தனி டிக்கெட்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று மயங்கி இரண்டு மணி நேர இடைவெளி வைப்பது ஆபத்தான சிக்கனம்.
2. இறங்கும் விமான நிலையமும் மீண்டும் ஏறும் விமான நிலையமும் ஒன்றுதானா? நியூயார்க் பகுதியில் கென்னடி, நுவர்க், லாகார்டியா என்று மூன்று உண்டு. டோக்கியோவில் நரிட்டா, ஹனேடா. லண்டனில் ஹீத்ரோ, காட்விக் இன்னும் சில. ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் நகரத்தின் குறுக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட நேரிடும்.
3. இடையில் வரும் நாட்டுக்கு விசா வேண்டுமா? அமெரிக்கா வழியாக வேறு நாட்டுக்குப் போகும் இந்தியப் பயணிக்கும் அமெரிக்க விசா தேவை. அங்கே முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே குடிவரவுச் சோதனை நடக்கும். பெரும்பாலும் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கவும் வேண்டும். அந்த இணைப்புக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக வைக்காதீர்கள்.

உடலுக்கான கணக்கு

நேரத்தைத் தெரிந்துகொள்வதன் முக்கியப் பயன் இங்கேதான். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பயணங்களில் கால் நாளங்களில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. மொத்தத்தில் பார்த்தால் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு வரக்கூடியது, பீதி வேண்டாம். ஆனால் முன்பு ரத்த உறைவு வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

1. நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.
2. விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலையும் விரல்களையும் மாறி மாறித் தூக்குங்கள்.
3. தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு மடங்கிய நிலையிலேயே எட்டு மணி நேரம் கிடக்காதீர்கள்.
4. இறங்கியபின், சில வாரங்கள் கழித்து என்றாலும், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நீண்ட பயணம் செய்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

மருந்து எடுப்பவர்களுக்குத் தனிக் கவனம் தேவை. மேற்கே போகும் பயணத்தில் நாள் நீளும், கிழக்கே போனால் சுருங்கும். சிங்கப்பூர்–நியூயார்க் போன்ற தடத்தில் பகலும் இரவும் தலைகீழாகவே மாறிவிடும். தினமும் இரவு 9 மணிக்கு மருந்து எடுப்பவர், இறங்கிய ஊரின் 9 மணி வரை காத்திருந்தால் இடைவெளி 24 மணியைத் தாண்டிவிடலாம், அல்லது 12 மணிக்குள் இரண்டு வேளை ஆகிவிடலாம். கைக்கடிகாரத்தைப் பயணம் முழுக்கப் புறப்பட்ட ஊரின் நேரத்திலேயே விட்டுவைத்து, மருந்தை அதன்படி எடுப்பது பாதுகாப்பானது. புதிய நேரத்துக்கு எப்போது, எப்படி மாறுவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின், வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து ஆகியவற்றில் சொந்த யூகம் கூடவே கூடாது. மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுப்பவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

இன்சுலினைச் சரக்கறைப் பெட்டியில் போடாதீர்கள். அங்கே குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் மருந்தும் போய்விடும். எல்லா மருந்தும் கைப்பையில், சீட்டோடும் அசல் உறையோடும் இருக்கட்டும். இரண்டு மூன்று நாளுக்கான மருந்து உபரியாகவும் இருக்கட்டும். பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே கூடாது என்று சில நிறுவனங்கள் தடை போட்டிருப்பதால் ஏறும் முன் விதியைப் படித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சீட்டு

எல்லாக் கணக்கும் முடிந்ததும் ஒரு சிறு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: வீட்டிலிருந்து கிளம்பும் நாளும் நேரமும்; விமானம் புறப்படும் நேரம், இரு ஊர் கடிகாரத்திலும்; சேரும் நேரம், இரு ஊர் கடிகாரத்திலும், கிழமையோடு; நடுவில் மருந்து எடுக்க வேண்டிய வேளைகள். ஒரு பிரதி சட்டைப்பையில். இன்னொன்றைப் படம் எடுத்து, அழைத்துப்போக வருபவருக்கு அனுப்புங்கள். டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் "+1" அல்லது "+2" என்று இருந்தால், புறப்பட்ட தேதியோடு அத்தனை நாள் கூட்ட வேண்டும் என்று பொருள். நியூயார்க்கிலிருந்து வெள்ளி இரவு 10.30க்குக் கிளம்புபவரை ஞாயிறு காலை 6.10க்குத்தான் சாங்கியில் எதிர்பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை யாரையும் அங்கே வரச் சொல்ல வேண்டாம்.